பை வகைச் சாண எரிவாயுக் கலன்: பையை வாங்கலாம், கூட வரும் ஹோஸை அல்ல

நகரத்தைவிட்டு நிலத்தோடு வாழப் போகிறவர்கள் மின்சாரத்துக்குச் சூரியத்தகடு, தண்ணீருக்குக் கிணறு என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அடுப்புக்கு என்ன என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அப்போது கண்ணில் படுவது இந்தப் பெட்டி. மடித்து வைத்த ஒரு பை, இரண்டு தடித்த குழாய்கள், ஓர் அடுப்பு, மேலே 'ஒரே நாளில் பொருத்தலாம், அடுக்களைக் கழிவிலேயே சமைக்கலாம்' என்ற வாசகம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி ஏறக்குறையப் பொய்.

இங்கே எடுத்துக்கொண்டது, சாணக் கரைசலைக் காற்றுப்புகாமல் நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கும், 3 கன மீட்டர் அளவுள்ள பை வகைக் கலன். இந்த அளவில் பிராண்டு மாறினாலும் பெட்டிக்குள் இருப்பது அநேகமாக ஒன்றுதான். பிவிசி பூசிய பாலியஸ்டர் துணியால் ஆன, 1.1 மீட்டர் விட்டமும் 3.2 மீட்டர் நீளமும் கொண்ட பை. சாணக் கரைசல் உள்ளே போகவும் வெளியே வரவும் 110 மி.மீ. குழாய்கள், வாயு வெளியேறும் வாய், 10 மீட்டர் மெல்லிய ஹோஸ், இரண்டு வால்வு, சில கிளாம்புகள், ஒரு கந்தக வடிகட்டி, ஓர் அழுத்தமானி, ஒரு பர்னர் அடுப்பு.

தினமும் 25 கிலோ சாணமும் 25 லிட்டர் தண்ணீரும் தவறாமல் கிடைத்து, ஆண்டின் பெரும்பகுதி 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் இடமானால், பை தரும் பலன் நன்றாகவே இருக்கிறது. ஹோஸ், கிளாம்ப், அழுத்தமானி மூன்றையும் ஓரமாக வைத்துவிட வேண்டும். அடுப்பை அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு தேவை.

எவ்வளவு வாயு கிடைக்கும்?

ஒரு கிலோ புதுச் சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். 25 கிலோவுக்கு 1 கன மீட்டர். ஒற்றை பர்னர் மணிக்கு 0.35 முதல் 0.45 கன மீட்டர் வரை எரிக்கும். ஆக நாளைக்கு இரண்டேகால் முதல் இரண்டேமுக்கால் மணி நேரம் அடுப்பு எரியும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது போதும், மிச்சமிருக்காது. சிலிண்டர் கணக்கில் பார்த்தால் 1 கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம்.

கொட்டிலிலேயே கட்டிப்போட்டுத் தீனி வைக்கும் பெரிய மாடு நாளைக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும். மேய்ச்சலுக்குப் போகும் மாடு போடுவதில் பாதி மேய்ச்சல் நிலத்திலேயே விழுந்துவிடும். கொட்டில் மாடு என்றால் இரண்டு மூன்று, மேய்ச்சல் மாடு என்றால் நான்கு ஐந்து வேண்டும். ஒரே ஒரு மாட்டை நம்பி இந்த அளவை வாங்கினால் பை பாதி வேலைதான் செய்யும்.

அடுக்களைக் கழிவுக்கு வருவோம். ஒரு கிலோ ஈரக் கழிவு 80 முதல் 100 லிட்டர் வாயு தரும்; சாணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். விளம்பரம் நிற்பது இந்த எண்ணின் மேல்தான். ஆனால் நால்வர் வீட்டில் மிஞ்சும் கழிவு நாளைக்கு ஒன்று, ஒன்றரை கிலோ. அதில் அடுப்பு எரிவது கால்மணி முதல் இருபது நிமிடம். பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் 'இரண்டு மணி நேரச் சமையல்' அடுக்களைக் கழிவிலிருந்தே வர வேண்டுமானால், வீட்டில் தினமும் 8 கிலோவுக்கு மேல் வீணாக வேண்டும். அப்படி வீணாக்குகிறவர்கள் தற்சார்பு வாழ்வுக்குக் கிளம்பியவர்களாக இருக்க முடியாது.

இனி '3 கன மீட்டர்' என்ற எண். அது காற்றடைத்து உருளையாக நிற்கும் பையின் கொள்ளளவு. குழியில் இறக்கியதும் பை உருளையாக இருக்காது; குழியின் வடிவத்துக்கு அமுங்கிவிடும். சரியாகத் தோண்டிய குழியில் கரைசல் 2 கன மீட்டர், அதன்மேல் வாயுவுக்கு அரை கன மீட்டர்தான் மிஞ்சும். இது குறையல்ல. தினமும் 50 லிட்டர் கரைசல் ஊற்றினால் 2 கன மீட்டரில் அது 40 நாள் தங்கும், வெப்பமான இடத்துக்கு அது சரியான கால அளவு. இரவு முழுக்கச் சேரும் வாயுவும் ஏறக்குறைய அரை கன மீட்டர்தான், காலைச் சமையலுக்குச் சரியாக இருக்கும். ஆனால் ஒருநாள் சமைக்காவிட்டால் அடுத்த நாளுக்குச் சேர்த்துவைக்க இடமில்லை, உபரி வெளியேறிவிடும்.

பையைச் சோதிக்கும் முறை

பெட்டி வந்ததும் பையைத் தராசில் வையுங்கள். மொத்தப் பரப்பு 13 சதுர மீட்டர். 0.9 மி.மீ. தடிமனுள்ள பிவிசி துணி சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். ஆகவே பை 14 கிலோவுக்குக் குறையக் கூடாது. 9, 10 கிலோ காட்டினால் தடிமன் 0.6 மி.மீ. அளவில்தான் இருக்கும், உள்ளே துணி இழை இருந்தாலும் வெயிலில் சீக்கிரம் விரிசல் விடும். விளம்பரத்தில் 'கனமான துணி' என்று எழுதுவது எளிது. தராசை ஏமாற்றுவது கடினம்.

அடுத்து மூட்டு. ஒன்றன்மேல் ஒன்று 4 செ.மீ. ஏறி, தட்டையாக, ஒரே சீராக அமுங்கியிருந்தால் அது உயர் அதிர்வெண் வெல்டிங். அங்கங்கே சுருக்கமும் பழுப்புத் தழும்பும் இருந்தால் கையால் சூடுகாற்று அடித்து ஒட்டியது. தொல்லை பெரும்பாலும் நேர்கோட்டு மூட்டில் வருவதில்லை. குழாய் வாய்கள் ஒட்டியிருக்கும் இடத்திலும் பையின் நான்கு மூலையிலும்தான் வரும்.

குழியில் இறக்குமுன் காற்றடித்துப் பார்ப்பது கட்டாயம். குழாய் வாய்களைக் கட்டி, ஊதுகுழல் மோட்டாரால் நிரப்பி, எல்லா மூட்டிலும் சோப்பு நீர் தடவுங்கள். பிறகு ஒருநாள் அப்படியே விட்டு, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். அதே நேரம் என்பது முக்கியம். இரவுக் குளிரில் காற்று சுருங்கிப் பை தளர்ந்து தெரியும். விடியலில் பார்த்துவிட்டு ஓட்டை என்று பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

குழி

கீழ் அகலம் 60 செ.மீ., மேல் அகலம் 90 செ.மீ., ஆழம் 85 செ.மீ., நீளம் 3.2 மீட்டர். பக்கச் சுவர் சாய்வாக இருப்பதால் மண் சரியாது. மணற்பாங்கான இடத்தில் இன்னும் சாய்வு வேண்டும். தரை, வெளியேற்றும் பக்கம் நோக்கி ஐந்து செ.மீ. இறங்கட்டும். வேரையும் கல்லையும் பொறுக்கிவிட்டு 5 செ.மீ. மணல், அதன்மேல் பழைய சாக்கு. குழியைச் சுற்றி வாய்க்கால் வெட்டாமல் விட்டால் மழைநீர் பைக்கும் மண்ணுக்கும் நடுவே இறங்கிப் பையை மேலே தூக்கிவிடும். நிலத்தடி நீர் 1 மீட்டருக்குள் வரும் இடத்தில் குழியே வேண்டாம். தரைக்குமேல் மண்சுவர் எழுப்பி அதற்குள் வைப்பது மேல்.

இரண்டு குழாய்களின் கீழ்முனையும் எப்போதும் கரைசலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயு அந்த வழியே போய்விடும். வெளியேற்றுக் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே உள்ளிருக்கும் கரைசலின் மட்டம், அதைக் குழியின் மேல்விளிம்புக்குச் சமமாக வையுங்கள். உள்ளே ஊற்றும் வாய் அதைவிட 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பல பெட்டிகளின் வழிகாட்டிப் படத்தில் இரண்டும் ஒரே உயரத்தில் வரையப்பட்டிருக்கின்றன. அப்படிப் பொருத்தினால் ஊற்றுகிறவர் காலிலேயே கரைசல் திரும்பி வழியும்.

அழுத்தம்: எல்லாச் சண்டையும் இங்கேதான்

பை வகைக் கலன் வாங்கியவர்கள் சொல்லும் குறைகளில் பாதிக்குமேல் ஒன்றே: பை புடைத்து நிற்கிறது, அடுப்பில் தீ வரவில்லை. வாயுவில் குறையில்லை. அழுத்தம் இல்லை.

வாயு அழுத்தத்தை நீர்மட்டத்தின் செ.மீ. கணக்கில் பேசுவது வழக்கம். மேலே எடை எதுவும் ஏற்றாத பை தருவது 2 முதல் 4 செ.மீ. வரை. சாண எரிவாயு அடுப்பு கேட்பது 8 செ.மீ. அதாவது 800 பாஸ்கல். பெட்டியோடு வரும் அடுப்புகளில் பல 1,600 பாஸ்கலுக்குச் செய்தவை. அவை நிலையான குவிமாடத் தொட்டிகளுக்கு (கொத்தனார் கட்டும் வகை) ஆனவை, பைக்குப் பொருந்தாது. அடுப்பின் அடியில் ஒட்டிய தகட்டில் இந்த எண் இருக்கும். 800 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

அழுத்தமானியும் இதே கதை. 0 முதல் 10 அல்லது 16 கிலோபாஸ்கல் வரை காட்டும் முள். பை தருவது 0.2 முதல் 0.4 கிலோபாஸ்கல். முள் கடைசிவரை பூஜ்யத்தைவிட்டு நகராது. அதற்குப் பதில் ஒரு மீட்டர் கண்ணாடி ஹோஸை 'ப' வடிவத்தில் வளைத்து, பலகையில் அடித்து, பாதிவரை வண்ண நீர் ஊற்றி, ஒரு முனையை வாயுக் குழாயில் சேர்த்தால் போதும். இரண்டு பக்க நீர்மட்டத்தின் வித்தியாசமே அழுத்தம். இதைவிடத் துல்லியமான கருவி இந்த வேலைக்குத் தேவையில்லை.

பைமேல் மணல் மூட்டை வைத்தால் அழுத்தம் ஏறாதா என்றால், ஏறும். ஆனால் எவ்வளவு மூட்டை? 1 செ.மீ. நீர் அழுத்தம் என்பது சதுர மீட்டருக்கு 10 கிலோ. பையின் மேற்பரப்பு 2.7 சதுர மீட்டர். 8 செ.மீ. வேண்டுமானால் 216 கிலோ ஏற்ற வேண்டும். நான்கு மூட்டையைப் போட்டுவிட்டு மாற்றம் தெரியவில்லை என்று சலித்துக்கொள்வது இதனால்தான்.

நடைமுறைக்கு ஒத்துவரும் வழி தனிச் சேமிப்புப் பை. அரை கன மீட்டர் கொள்ளும் சிறு பையை, அடுக்களைக்கு வெளியே, கூரை நிழலில், பலகைமேல் வையுங்கள். அதன் தரைப்பரப்பு முக்கால் சதுர மீட்டர் என்றால் 8 செ.மீ.க்குத் தேவையான எடை 60 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டை மூன்று. சமைக்கும்போது பெரிய பைக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, சிறு பையின்மேல் பலகையும் மூட்டையும் ஏற்றினால் தீ சீறும். முடிந்ததும் மூட்டையை இறக்கி வால்வைத் திறந்துவிட்டால் மறுபடி நிரம்பிக்கொள்ளும். மூடாமல் மூட்டை ஏற்றினால் வாயு பெரிய பைக்கே திரும்பி ஓடும்.

சில பெட்டிகளில் சின்ன மின் பம்பு தருகிறார்கள். நன்றாக வேலை செய்யும், அதுவே ஆபத்தும். பையில் வாயு தீர்ந்த பிறகும் பம்பு இழுத்துக்கொண்டே இருந்தால், தளர்ந்த கிளாம்ப் வழியே காற்று உள்ளே வரும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும் கலவை. அழுத்தம் குறைந்தால் தானே நிற்கும் சுவிட்ச் இல்லாத பம்பை மாட்ட வேண்டாம்.

ஹோஸ். பெட்டியில் வருவது 8 மி.மீ. உள்விட்டம். பர்னர் எரியும் வேகத்தில் இந்த ஹோஸ் 10 மீட்டரில் 1 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகவும், 20 மீட்டரில் இரண்டரை செ.மீ. அளவிலும் அழுத்தத்தைத் தின்றுவிடும். இருப்பதே மூன்று செ.மீ. என்கிறபோது இது சிறிய இழப்பல்ல. விட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு பதினாறில் ஒன்றாகக் குறையும். ஆகவே 20 மி.மீ. பிவிசி அல்லது எச்டிபிஇ குழாயை வாங்கிப் போடுங்கள், ஹோஸ் கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் போதும். பித்தளை வால்வு வேண்டாம். வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பித்தளையையும் செம்பையும் அரிக்கும். பிளாஸ்டிக் பால் வால்வு நன்றாகவே உழைக்கிறது.

நீர்ப் பொறி

வாயு ஈரத்தோடு வரும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டரில் 30 கிராம் நீராவி இருக்கும், குழாய் குளிர்ந்ததும் அதில் ஒரு பகுதி நீராகித் தேங்கும். குழாயில் எங்காவது தொய்வு இருந்தால் அங்கே குளம் கட்டும், தீ திக்கித் திக்கி எரியும். குழாய் முழுவதும் ஒரு தாழ்வான புள்ளியை நோக்கிச் சரிந்து, அங்கே கீழ்நோக்கிய 'டி' இணைப்பு, அதன் கால் ஒரு புட்டி நீருக்குள் 10 செ.மீ. மூழ்கியிருக்கட்டும். நீரும் வடியும், பை அளவுமீறிப் புடைத்தால் குமிழியாக வாயுவும் வெளியேறும். இதுவே பாதுகாப்பு வால்வு. புட்டி நீர் வெயிலில் வற்றிவிட்டால் வாயு முழுவதும் சத்தமில்லாமல் போய்விடும். வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டும், மேலே சில துளி எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். இந்தப் புட்டியைப் பையின் பக்கம் வையுங்கள், அடுக்களையில் வேண்டாம். 'திடீரென்று வாயு நின்றுவிட்டது' என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கந்தக வடிகட்டி

பெட்டியில் குறை சொல்ல முடியாத ஒரே துணைப்பொருள். பழுப்பு நிற இரும்பு ஆக்சைடு உருண்டைகள் நிரம்பிய குழல். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை அது பிடித்துக்கொண்டு கறுக்கும். கறுத்ததும் வெளியே திறந்த வெளியில், சிமெண்ட் தரையில் மெல்லியதாகப் பரப்பினால் காற்றுபட்டு மறுபடி பழுப்பாகும். குவியலாக விடக்கூடாது, அந்த மாற்றத்தில் சூடு கிளம்பி, சருகு பக்கத்தில் இருந்தால் பற்றிக்கொள்ளும். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு புதிது போட வேண்டியதுதான்.

நாற்றம் இருந்தால் கசிவு தெரிந்துவிடுமே என்று நினைக்க வேண்டாம். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தாண்டினால் இந்த வாயு மோப்பத்தையே மரத்துப்போகச் செய்யும். பையைக் காலி செய்யும் நாளில், குழிக்குள் தலையை விட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. வடிகட்டிக்குப் பிறகோ நாற்றம் குறைந்துவிடுவதால் அடுக்களைக் கசிவை மூக்கு சொல்லாது. மாதம் ஒருமுறை எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் தடவுவதே வழி.

அடுப்பு

எல்பிஜி அடுப்பை அப்படியே மாட்டினால் எரியாது. எல்பிஜி ஜெட்டின் (வாயு பீறிடும் சிறு முனை) துளை 1 மி.மீ.க்கும் குறைவு, சாண எரிவாயுவுக்கு 2 முதல் 2.5 மி.மீ. வேண்டும். ஒரு பங்கு சாண எரிவாயுவுக்குக் காற்றும் ஆறு பங்குக்குள் போதும், எல்பிஜிக்கோ இருபத்துநான்கு பங்குக்குமேல். பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் ஜெட்டை 2 மி.மீ. துளைத்து, காற்றுவழியைத் தகட்டால் பாதிக்குமேல் மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெட்டியோடு வரும் மெல்லிய தகட்டு அடுப்பைவிட அது உழைக்கும். தானாகப் பற்றவைக்கும் குமிழ் ஈரத்திலும் கந்தகத்திலும் முதலில் கெடும் உறுப்பு.

நீலத் தீ சரி. மஞ்சள் நுனி என்றால் காற்று போதவில்லை. தீ பர்னரைவிட்டு மேலே எழும்பி அணைந்தால் அழுத்தமோ காற்றோ அதிகம். முதலில் தீக்குச்சி, பிறகு வால்வு. இந்த வரிசை மாறக்கூடாது.

முதல் மாதம்

பையில் கரைசல் பாதிவரை ஏற 500 கிலோ சாணமும் 500 லிட்டர் தண்ணீரும் வேண்டும். இரண்டு மாட்டுக்காரருக்கு அது இருபது நாள் சாணம், அதனால் அக்கம்பக்கத்தில் வாங்கிச் சேர்ப்பதே நடைமுறை. இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு கலனிலிருந்து 100 லிட்டர் ஸ்லரி (நொதித்து வெளிவரும் கரைசல்) கிடைத்தால் வாரக்கணக்கில் நேரம் மிச்சம். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது.

ஒன்றுக்கு ஒன்று கரைத்து, வைக்கோல், மண், கல் நீக்கி ஊற்றுங்கள். கரைக்கும் தொட்டியின் அடியில் ஒரு பள்ளம் விட்டு, வழியும் துளையைச் சற்று மேலே வைத்தால் மணல் அங்கேயே தங்கும். மண்தரையில் அள்ளிய சாணத்தோடு வரும் மணல்தான் பிற்காலத்தில் பையின் அடியை அடைக்கிறது. சிமெண்ட் தரைக் கொட்டில் இல்லாதவர்கள் இந்தப் பள்ளத்தைத் தவிர்க்க முடியாது.

வெப்பமான இடத்தில் ஏழு முதல் பதினைந்து நாளில் பை எழும். அந்த வாயு பெரும்பாலும் கரியமில வாயு, கூடவே பையில் இருந்த காற்று. எரியாது, எரிந்தாலும் நம்பக்கூடாது. இரண்டுமுறை முழுதாக வெளியேற்றிவிட்டு மூன்றாவது நிரப்பில் பற்றவையுங்கள். தீ நிலையாக எரியத் தொடங்கிய பிறகே அடுக்களைக் கழிவு. அதுவும் நாளைக்கு அரைக் கிலோவில் ஆரம்பித்து, அரைத்தோ நறுக்கியோ போட வேண்டும்.

எதில் கெடுகிறது?

பை நிரம்புகிறது, தீ மட்டும் நிற்கவில்லை, வெளிவரும் ஸ்லரி புளித்த வாடை அடிக்கிறது என்றால் உள்ளே அமிலம் ஏறிவிட்டது. அளவுமீறி அடுக்களைக் கழிவோ மாவுப் பொருளோ போட்டதன் விளைவு. அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர் வேகமாகப் பெருகும், மீத்தேன் உண்டாக்குவது மெதுவாகப் பெருகும். இரண்டாவது பின்தங்கும்போது இப்படி ஆகும். பிஎச் தாளில் 6.8 முதல் 7.4 வரை இருக்க வேண்டியது 6.5க்குக் கீழே போயிருக்கும். ஒரு வாரம் எதுவும் போடாதீர்கள். சமையல் சோடாவைக் கால் கிலோவாக நீரில் கரைத்து, தினமும் பிஎச் பார்த்துக்கொண்டே ஊற்றலாம். சுண்ணாம்பு நீரும் வேலை செய்யும். ஆனால் அது மேலே இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பை உள்ளே ஒடுங்கி, வெளிக்காற்றை இழுக்கப் பார்க்கும்; சோடாவே பாதுகாப்பு. பிறகு சாணத்தை மட்டும் பாதியளவில் தொடங்குங்கள்.

கோழி எரு போடுகிறவர்களுக்கு வேறு தொல்லை. அதில் தழைச்சத்து மிகுதி, அம்மோனியா ஏறி நுண்ணுயிரை அமுக்கும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வைத்தால் சரி. ஆட்டுப் புழுக்கையை ஒருநாள் ஊறவைத்து நசுக்காமல் போட்டால் அப்படியே மிதந்து போய்விடும். எலும்பும் முட்டை ஓடும் அடியில் தங்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் அதிகமானால் அதன் எண்ணெய் நுண்ணுயிரைக் கொல்லும். கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய தரைநீர் ஒரு வாளி போனாலே பல நாள் வேலை கெடும்.

குளிர். 35 டிகிரி அளவில் நுண்ணுயிருக்குச் சுகம், 20இல் பாதி வேலை, 15க்குக் கீழே கிட்டத்தட்டத் தூக்கம். குளிர்காலத்தில் அளவைக் குறைத்துப் போட வேண்டும். வாயு குறைகிறதே என்று கூட்டிப் போட்டால் மேலே சொன்ன புளிப்புதான் வரும். பைமேல் வளைகூடாரம்போல் ஒளிபுகும் தாள் போட்டால் சில டிகிரி கிடைக்கும். வெயில் காலத்தில் அதை எடுத்துவிட்டு நிழல்வலை கட்டுங்கள், ஏனென்றால் பிவிசியின் எமன் புறஊதாக் கதிர். நிழல் இருந்தால் 0.9 மி.மீ. பை ஏழெட்டு ஆண்டு தாங்கும், வெயிலில் விட்டால் அதில் பாதியை எட்டுவதே பெரிது. எலி, நாய் நகம், மாட்டுக் குளம்பு ஆகியவற்றுக்காக இடுப்பளவு கம்பிவேலி தேவை.

வெளியூர் போனால்? இரண்டு மூன்று வாரம் பட்டினி கிடந்தாலும் கலன் சாகாது. திரும்பி வந்ததும் பாதியளவில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வரலாம். இந்த விஷயத்தில் மாட்டைவிட இது பரவாயில்லை.

ஸ்லரி: யாரும் கணக்கில் எடுக்காத வேலை

தினமும் 50 லிட்டர் உள்ளே போனால் ஏறக்குறைய 50 லிட்டர் வெளியே வரும். ஆண்டுக்கு 18 டன். அதைச் சுமந்து எங்கே ஊற்றுவது என்று யோசிக்காமல் குழியைத் தோண்டியவர்கள்தான் வருடத்துக்குள் பையை மடித்து வைக்கிறார்கள். தோட்டத்தைவிட உயரமான இடத்தில் கலனை வைத்தால் ஸ்லரி தானே வாய்க்காலில் ஓடும். இடம் தேர்வதில் அடுக்களைக்கு அருகே என்பதைவிட இது முக்கியம். வாயுவைக் குழாயில் கொண்டுபோய்விடலாம், ஸ்லரியை அப்படி முடியாது.

உரமாக இது புதுச் சாணத்தைவிட உயர்ந்தது. தழைச்சத்து குறைவதில்லை, அதில் ஒரு பகுதி செடி உடனே எடுத்துக்கொள்ளும் அம்மோனிய வடிவுக்கு மாறியிருக்கும். அதனாலேயே திறந்த தொட்டியில் வெயிலில் விட்டால் காற்றில் போய்விடும். மூடி வைத்து, இரண்டு பங்கு நீர் கலந்து, மாலையில் வேரடியில் ஊற்றுங்கள். களைவிதை ஓரளவு முளைப்புத் திறன் இழக்கும். ஆனால் இந்த வெப்பநிலையில் புழு முட்டைகள் எல்லாம் சாவதில்லை, அதனால் பச்சையாகத் தின்னும் கீரை, காய்மேல் தெளிப்பது கூடாது. தண்ணீர்ப் பஞ்சமானால் வடிகட்டிய ஸ்லரி நீரை, கரைக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குவரை திரும்பப் பயன்படுத்தலாம். அதற்குமேல் அம்மோனியா சேரும்.

மற்ற வகைகளோடு

மிதக்கும் டிரம் வகையில் டிரம்மின் எடையே நிலையான அழுத்தம் தருகிறது, இத்தனை மூட்டைச் சண்டை இல்லை. ஆனால் இரும்பு டிரம்முக்கு ஆண்டுதோறும் பெயிண்ட் அடிக்க வேண்டும். சீனாவில் பரவிய நிலையான குவிமாடத் தொட்டி இருபது ஆண்டு நிற்கும். கை தேர்ந்த கொத்தனார் இல்லாவிட்டால் விரிசலில் வாயு போகும். தைவானில் தொடங்கிய பை வகை, மெல்லிய பாலித்தீன் குழாய் வடிவில் கொலம்பியாவிலும் வியட்நாமிலும் சிறு விவசாயிகளிடம் பரவியது ஒரே காரணத்துக்காக: அவசரமாகவும் சிக்கனமாகவும் அமைக்கலாம், பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம். சொந்த நிலத்தில் நிலையாக இருக்கப் போவது உறுதி என்றால் குவிமாடம். முதல் இரண்டு ஆண்டு ஊர் ஒத்துவருமா, மாடு வளர்க்கக் கை பழகுமா என்று பார்க்கிறவர்களுக்குப் பைதான் பொருத்தம்.

மாடோ பன்றியோ இல்லாமல் அடுக்களைக் கழிவை மட்டும் நம்புகிறவர்கள், கோடையில் குடிநீருக்கே அலைகிற நிலம் வாங்கியவர்கள், ஆறு மாதம் குளிர்கிற மலைப்பகுதிக்காரர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்குப் புகை குறைந்த விறகடுப்பு போதும். வாங்கியவர்களும் விறகடுப்பை இடித்துவிட வேண்டாம், முதல் மாதமும் குளிர்காலமும் அதில்தான் ஓடும். நாள்தோறும் அள்ளிக் கரைத்து ஊற்றி, ஸ்லரியை ஒதுக்க அரைமணி நேரம் பிடிக்கும்.

பையை ஆர்டர் செய்யும்போதே அதே துணியில் ஒரு சதுர மீட்டர் துண்டும் பிவிசி பசை ஒரு டப்பாவும் கேட்டு வாங்குங்கள். ஓட்டை விழுந்தால் வாயுவை முழுதாக வெளியேற்றி, சுற்றுவட்டாரத்தில் தீ இல்லாமல், இடத்தைத் துடைத்து உலர்த்தி, ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டிய துண்டை ஒட்டி அழுத்தி ஒருநாள் எடை வைக்க வேண்டும். கரைசல் மட்டத்துக்கு மேலே என்றால் ஒரு பகல் வேலை. கீழே என்றால் 2 கன மீட்டரையும் இறைத்தாக வேண்டும், அதற்கு முன் மாற்றி ஊற்ற இடம் பார்த்து வையுங்கள்.